பதம் வரும்வரை உட்கார்ந்திருப்பதும் வேலைதான்

சற்று நீண்ட பதிவு. மழை தொடங்கும் முன் எழுதிவிட வேண்டுமென்று தோன்றியதால் ஆய்வேட்டின் ஓர் இயலை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மே மாதம் முடியும் தறுவாயில் இந்த நகரில் பழைய கார் வைத்திருப்பவர் எவரைச் சந்தித்தாலும் ஒரே கேள்விதான்: கதவு ரப்பரை ஒட்ட எந்தப் பசை நல்லது? மாட்டுங்காவின் காபிக் கடைகளிலும், செம்பூர் அடுக்ககங்களின் வண்டி நிறுத்தங்களிலும் இக்கேள்வியைக் கேட்டிருக்கிறேன். விடையாக ஒரு வணிகப் பெயர் வரும். அதை மறுத்து இன்னொரு பெயர் வரும். மூன்றாமவர் தம் மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த குழாயைப் பற்றிச் சொல்வார். பேச்சு முடியும் இடம் பெரும்பாலும் ஒன்றே: "பசையில் குற்றமில்லை சார், ஒட்டுகிற கை சரியில்லை. எல்லாம் தாராவி வேலை."

அந்தக் கடைசிச் சொற்றொடரை மறுப்பதற்கே இப்பதிவு. ரப்பர் உரிந்து வருவதற்குப் பசையின் பெயர் காரணமாவது அரிது. ஒட்டுகிற கை காரணமாவது அதனினும் அரிது. காரணம் பெரும்பாலும் காரின் உரிமையாளர்தாம். அவர் கூலி கொடுக்க மறுக்கும் அந்தப் பதினைந்து நிமிடம்தான்.

எந்தக் காரைச் சொல்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மும்பையில் 'பழைய கார்' என்றால் ரோல்ஸ் ராய்ஸ் அன்று, பிரீமியர் பத்மினி. 1944இல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், இத்தாலியின் ஃபியட் 1100 காரை உரிமம் பெற்றுக் குர்லா ஆலையில் செய்தது. அதே கார் 1974 முதல் பத்மினி என்னும் பெயரைத் தாங்கியது. கறுப்பும் மஞ்சளுமாய் இந்நகரத்தையே சுமந்த வண்டி அது. கடைசி பத்மினி டாக்சி தாட்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது 2003 அக்டோபர் 29. இருபதாண்டு வயது வரம்பின்படி 2023 அக்டோபர் இறுதியில் அது சாலையை விட்டு நீங்கியது. அன்று செய்தித்தாள்களெல்லாம் உருகின. அதன்பின் வீட்டில் நிறுத்தி வைத்திருந்த தனியார் பத்மினிகளுக்குத் திடீரென மவுசு கூடியது. தாத்தாவின் காரைப் 'புதுப்பிக்க' வேண்டுமென்ற ஆசை பலருக்கு எழுந்தது. ஆசை நல்லதே. அந்த ஆசைக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

குர்லாவிலிருந்து ஹார்பர் ரயிலில் இரண்டாவது நிலையம் செம்பூர். அங்கே ஓர் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். மும்பைத் தமிழரின் தொழிற்சொற்களைத் தொகுக்கும் பொருட்டுத் தாராவியில் கார் மெத்தை தைக்கும் ஒருவருடன் சில நாள்கள் சுற்றிக்கொண்டிருந்தேன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பார்கள். சீட் உறை, மேற்கூரைத் துணி, கதவுப் பலகையின் ரெக்சின், பீடிங் என்று காருக்குள் ஒட்டவோ தைக்கவோ வேண்டியவை அனைத்தும் அவர் வேலை. (கதவைச் சுற்றி ஓடும் ரப்பரைப் பீடிங் என்றுதான் சொல்வார்கள். அகராதி பார்த்து 'அடைப்பு வளையம்' என்று நான் சொன்னபோது, அவர் இரக்கத்தோடு என்னைப் பார்த்தார்.)

காரின் உரிமையாளர் ஓய்வுபெற்ற பெரியவர், தமிழர், படித்தவர். குர்லாவில் மீட்டர் கணக்கில் வாங்கி வைத்திருந்த புது ரப்பரை ஒட்டும் வேலை. அண்ணாச்சி கதவு நிலையின் தடத்தில் ஒரு பூச்சு பூசினார். ரப்பரின் முதுகில் ஒரு பூச்சு பூசினார். பிறகு கீழே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடம் கழிந்தது. மாடியிலிருந்து இறங்கிவந்த பெரியவர் கேட்டார்:

"என்ன அண்ணாச்சி, சும்மா உட்கார்ந்திருக்கீங்க? மத்தியானத்துக்குள்ள நான் வெளியே போகணும்னு சொன்னேனே?"

"பதம் வரலீங்க சார்."

"அதெல்லாம் ஒட்டினா தானா காயும். ஆகட்டும்."

அண்ணாச்சி எழுந்தார், ஒட்டினார். கூலியில் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார் பெரியவர், 'பாதி நேரம் சும்மா இருந்ததற்காக'. ஜூலையில் ரப்பர் மேல்மூலையில் பிரிந்து தொங்கியது. மழைநீர் தரைவிரிப்பில் தேங்கியது. அதற்கு அவர் சொன்ன விளக்கத்தை மேலேயே எழுதிவிட்டேன்.

இனி அந்தச் 'சும்மா'வுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இவ்வேலைக்குப் பயன்படும் பசை, கரைப்பானில் கரைத்த செயற்கை ரப்பர், பெரும்பாலும் பாலிகுளோரோபிரீன். அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் கரோதர்ஸ் குழுவினர் 1930இல் கண்டறிந்து, நியோபிரீன் என்று உலகம் அறிந்த அதே பொருள். மரப்பசை போல ஒரு பக்கம் பூசி ஈரத்தோடு அழுத்தி வைக்கும் பசை அன்று இது. இரு பக்கமும் பூச வேண்டும். இரு பக்கத்திலிருந்தும் கரைப்பான் ஆவியாகிப் போக வேண்டும். தொட்டால் விரலில் ஒட்டாத, ஆனால் தன்னோடு தான் சேர்ந்தால் விடாத நிலைக்குப் படலம் வர வேண்டும். அந்நிலையில் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் ஒரு படலத்திலிருந்து மற்றதற்குள் புகுந்து பின்னிக்கொள்கின்றன. பின்னர் படிகமாகி இறுகுகின்றன. சாதாரண வெயில் நாளில் இதற்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். முன்கூட்டியே ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிறைப்படும். நெடுநேரம் கழித்து ஒட்டினாலோ படலங்கள் ஒன்றையொன்று ஏற்கா. மறுபடியும் பூச வேண்டும், அல்லது சூடு காட்ட வேண்டும்.

"ஒட்டினால் தானாகக் காயும்" என்பது தோலுக்கும் துணிக்கும் ஓரளவு பொருந்தும். அவற்றுக்கு நுண்துளைகள் உண்டு, கரைப்பான் மெல்ல வெளியேறும். காரின் கதவு நிலையோ வண்ணம் பூசிய இரும்பு. அதன்மேல் அடர்ந்த ரப்பர். இரண்டுக்கும் இடையே மாட்டிய கரைப்பானுக்குப் போக வழியில்லை. நாள் கணக்கில் அது கொழகொழவென்று கிடக்கும், வெயிலேறினால் குமிழியிடும், வளைவுகளில் ரப்பர் நேராக முயலும்போது முதலில் அந்த இடம்தான் விடும். செம்பூரில் மேல்மூலை பிரிந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

அண்ணாச்சி பயன்படுத்திய சொல்லைக் கவனியுங்கள். 'பதம்.' பாகு பதம், மாவு பதம், உழவில் ஈரப்பதம் என்று தமிழர் அனைவரும் அறிந்த சொல். சொல் என்று பொருள்படும் வடமொழிப் 'பதம்' வேறு. பக்குவம் என்று பொருள்படும் இந்தப் 'பதம்' வேறு. தோலைப் பதனிடுதல் என்கிறோமே, அதுவும் இதன் சுற்றந்தான். தாராவியில் தமிழர் வேரூன்றியதே தோல் பதனிட வந்து என்பதை நினைத்தால், இந்தச் சொல் அங்கே ரப்பர்ப் பசைக்கு வந்து சேர்ந்ததில் வியப்பொன்றும் இல்லை. ஆங்கிலக் கையேடுகள் நான்கு வரி எழுதி விளக்கும் நிலையை அவர் ஒரு சொல்லில் சொன்னார். அதைச் சோதிக்கும் முறையும் அவரிடம் இருந்தது: விரல் நுனியால் அன்று, விரல் மடக்கின் புறத்தால் தொட்டுப் பார்ப்பது. நுனி விரலில் எண்ணெயும் அழுக்கும் இருக்கும். அது படலத்தைக் கெடுக்கும் என்றார். தமிழில் தொழில்நுட்பம் எழுத முடியாது என்று கருத்தரங்குதோறும் கவலைப்படுபவர்கள் கருத்தரங்கை ஒருமுறை தாராவித் தொண்ணூறடிச் சாலையில் வைத்துப் பார்க்கலாம்.

நம்மிடம் உண்மையாகவே குழம்பிக் கிடக்கும் சொல் வேறொன்று: 'ஃபெவிகால்'. வணிகப் பெயர் பொதுப்பெயராவது மொழிகளில் இயல்பே. அதில் மொழியியலாருக்கு வருத்தமில்லை. ஆனால் இங்கே ஒரே பெயருக்குள் இரண்டு வேதியியல்கள் குடியிருக்கின்றன. வெள்ளை நிறத்தில் வரும் மரப்பசை, நீரில் பரவிய பாலிவினைல் அசிடேட். மரமும் தாளும் நீரை உறிஞ்சுவதால் அது பிடிக்கிறது. வண்ணம் பூசிய இரும்பின்மேல் ரப்பரை அது பிடிக்காது. ஈரம் பட்டால் மீண்டும் இளகும். எஸ்.ஆர். என்ற எழுத்துகளோடு வரும் மஞ்சள் நிறப் பசையோ மேலே சொன்ன செயற்கை ரப்பர் வகை. வீட்டுப் பையனிடம் "ஃபெவிகால் வாங்கி வா" என்று அனுப்பிவிட்டு, வந்ததைக் கொண்டு ஒட்டச் சொல்லும் உரிமையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். தொழிலாளர்களோ இந்தக் குழப்பத்தில் விழுவதில்லை. அவர்கள் மஞ்சள் பசையைச் 'சொல்யூஷன்' என்கிறார்கள். வெள்ளையை மட்டுமே ஃபெவிகால் என்கிறார்கள்.

மற்றப் பசைகளையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் இயற்கை ரப்பர்க் கரைசல்; டியூபுக்கு ஏற்றது; மே மாத வெயிலில் கொதிக்கும் கதவு இரும்பின்மேல் இளகி நழுவும். நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் கண்ணாடி போல் உடையக்கூடிய கோட்டை உண்டாக்கும். கதவு சாத்தும் ஒவ்வோர் அதிர்விலும் விரிசல் விடும். பீடிங்கின் இரண்டு முனைகளையும் நேராக வெட்டி ஒன்றோடொன்று இணைக்க மட்டும் அதைத் துளியளவு கொள்ளலாம். சிலிகான்? காடி வாசம் வரும் வகையென்றால் அது இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. கீறல்பட்ட இரும்பில் அதைப் பூசுவது துருவுக்கு விருந்து வைப்பது போல. மேலும் சிலிகான் பட்ட இடத்தில் பின்னாளில் வண்ணம் பிடிக்காது, குழிகுழியாக விலகும். சிலிகானைப் பிதுக்கிக் கதவோரத்தில் வழியவிட்டு, 'இனித் தண்ணீர் வராது' என்று மார்தட்டுகிறவரின் காரை அடுத்து வண்ணம் பூசப்போகிறவர் பாவம்.

இறக்குமதிக் குழாய்க்கு வருவோம். கார் ரப்பருக்கென்றே வெளிநாட்டில் விற்கப்படும் பசைகளில் பலவும் கரைப்பானில் கரைந்த செயற்கை ரப்பரே. நல்ல பொருள்கள்தாம்; வெப்பம் தாங்கும், குழாய் மூக்கு வசதியானது. ஆனால் அவற்றின்மேலும் இரு பக்கம் பூசு, பதம் வரட்டும், பிறகு அழுத்து என்றே எழுதியிருக்கிறது. அதைப் படிக்கும்போது மட்டும் நம் பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். அச்சில் வந்தால் அறிவு. அண்ணாச்சி சொன்னால் சோம்பல்.

பசை இவ்வளவுதான். கெடுதலில் பெரும்பங்கு பசைக்கு முன்னே நடக்கிறது. அதற்கும் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. ஐம்பதாண்டுக் காரின் தடத்தில் பழைய பசை கறுத்துப் படிந்திருக்கும், அதனடியில் துரு இருக்கும். அதன்மேல் பூசினால் புதுப்பசை பழைய பசையைத்தான் பிடிக்கும். துருவின்மேல் பூசினால் பசை துருவை விடாது, துருதான் இரும்பை விட்டுவிடும். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன தகட்டால் சுரண்டி, டர்பன்டைன் தோய்த்த துணியால் பொறுமையாகத் துடைத்து, துருவை நீக்கி, பிரைமர் பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகே ரப்பரைத் தொட வேண்டும். அவசரத்துக்குத் தின்னர் ஊற்றுகிறார்கள். பத்மினிகளில் பல, தெருவோரக் கடைகளில் நைட்ரோசெல்லுலோஸ் வண்ணம் பூசப்பட்டவை. தின்னர் அதையும் கரைக்கும். நேற்றுப் பூசிய வண்ணத்தின்மேல் இன்று பசை பூசினால் பசையின் கரைப்பானே வண்ணத்தைச் சுருட்டி எடுத்துவிடும். 'ரப்பர் ஒட்டவில்லை' என்று காட்டப்படும் இடங்களில் உரிந்த ரப்பரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்: பசையோடு வண்ணமும் சேர்ந்து வந்திருக்கும். பசை தன் கடமையைச் செய்திருக்கிறது.

ரப்பரும் மாறிவிட்டது. பழைய ரப்பர் ஓசோனிலும் வெயிலிலும் வெடித்துப்போகும் வகை. இப்போது விற்பனைக்கு வரும் பீடிங்கில் பெரும்பகுதி இ.பி.டி.எம். எனப்படுவது, வெயில் தாங்கும், நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன் மேற்பரப்பு எதனோடும் எளிதில் உறவாடாத இயல்புடையது. போதாக்குறைக்கு, அச்சிலிருந்து கழன்று வருவதற்காகத் தடவிய எண்ணெயோ தூளோ அதன்மேல் இருக்கும். முதுகை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முதலில் இரண்டு அங்குலத் துண்டை மட்டும் ஒட்டி ஒருநாள் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே வேதியியல் சோதனை. இப்படி ஒருநாள் விட்டுப் பார்க்கலாம் என்று தொழிலாளி சொன்னால் உரிமையாளர் காதில் விழுவது என்ன? 'இன்னொரு நாள் கூலி.'

பசையே கூடாத இடமும் உண்டு. பத்மினியின் முன்கண்ணாடி, ரப்பர்ச் சட்டத்தின் ஒரு பள்ளத்தில் கண்ணாடியும் மறு பள்ளத்தில் காரின் உடல் விளிம்புமாகக் கவ்வி நிற்பது. சோப்பு நீர் தடவி, பள்ளத்தில் ஒரு கயிற்றைச் செருகி, வெளியே ஒருவர் கண்ணாடியை அழுத்த, உள்ளே இன்னொருவர் கயிற்றை இழுக்க, ரப்பரின் உதடு விளிம்பின்மேல் ஏறி அமரும். இருவர் ஒத்த மூச்சில் செய்யும் அழகான வேலை. நீர் கசிந்தால் இறுகாத, களிம்பு போன்ற அடைப்பானைப் பள்ளத்தில் செலுத்தலாம். சொல்யூஷன் ஊற்றி ஒட்டினாலோ ரப்பர் அசையும் உரிமையை இழக்கிறது. உடல் முறுகும்போது சுமை கண்ணாடிக்கு மாறுகிறது. அடுத்த முறை கழற்ற வேண்டுமானால் ரப்பரை வெட்டித்தான் ஆக வேண்டும். "நன்றாக ஒட்டிவிடு, ஒரு சொட்டு வரக்கூடாது" என்று கட்டளையிடுபவர் இதையெல்லாம் கேட்பதில்லை.

அதுபோலவே கதவு பீடிங்கை இழுத்து ஒட்டக்கூடாது. இழுத்த ரப்பர் சில வாரங்களில் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும். மூலைகளில் குறுக்கே வெட்டிக்கொண்டு பிரியும். சற்றே தாராளமாக, நெருக்கினாற்போல் வைத்து, மூலைகளை முதலில் அமர்த்தி, இணைப்பை நீர் தேங்காத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். பிதுங்கிய பசை கதவோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க எதிர்ப்புறத்தில் முகப்பவுடர் தூவ வேண்டும். அன்றிரவு முழுவதும் காரை எடுக்கக்கூடாது. மீட்டர் கணக்கில் விற்பதால் ரப்பரை அளந்து வாங்கும்போதே ஒரு சாண் குறைத்து வாங்கிவிட்டு, "இழுத்தால் எட்டும்" என்று தருகிற சிக்கனத்தையும் நான் கண்டதுண்டு.

இந்நகரத்துக்கே உரிய இன்னொன்று. மழைக்காலத்தில், காற்றில் நீர் நிறைந்திருக்கும்போது, கரைப்பான் ஆவியாகும் வேகத்தில் பசைப்படலம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த படலத்தின்மேல் பனி படிவது போல நீர் படியும். படலம் லேசாக வெளிறும். கண்ணுக்கு உலர்ந்ததுபோல் தோன்றும்; ஒட்டினால் நீரின்மேல் ஒட்டியது போலத்தான். தொழிலாளி ஜூலையில் வேண்டாம் என்பதும், வேண்டுமென்றால் விளக்கைக் கொளுத்திச் சூடு காட்ட வேண்டும் என்பதும் இதனால்தான். நாம் எப்போது அழைக்கிறோம்? முதல் மழையில் கால் நனைந்த பிறகு.

இதுவரை சொன்னது ரப்பரின் இழப்பு. கையின் இழப்பு இனி. பதம் வருவது என்றால் கரைப்பான் போவது, எங்கே போகிறது? பூசியவரின் மூச்சுக்குள். பசைகளில் டொலுவீன், ஹெக்சேன், கீட்டோன்கள் இருக்கும். முன்னர் பென்சீனும் இருந்தது. காலணித் தொழிலாளர்களே இந்தப் பாடத்தை உலகுக்குத் தம் உடலால் கற்பித்தவர்கள். இத்தாலியின் காலணிப் பட்டறைகளிலும், 1960களில் ஜப்பானில் வீட்டிலிருந்தபடியே செருப்பு செய்தவர்களிடத்தும், ஹெக்சேன் கலந்த பசையால் கைகால் நரம்புகள் செயலிழந்த நோய் கூட்டங்கூட்டமாகக் கண்டறியப்பட்டது. துருக்கிய மருத்துவர் முசாஃபர் அக்சோய் இஸ்தான்புல்லின் காலணித் தொழிலாளரிடம் பென்சீன் பசைக்கும் இரத்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1974இல் வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்கு முந்தைய அறிவு இது. தாராவியின் காற்றோட்டமில்லாத மாடியறைகளில் பை, பெல்ட், கார் உறை ஒட்டுவோர்க்கு இன்னும் போய்ச்சேரவில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பென்சீனும் அதன் இனச் சேர்மங்களும் உண்டாக்கும் நஞ்சேற்றத்தை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகக் குறித்தது. டொலுவீன் அந்த இனந்தான். ஆனால் அதே சட்டம் மின்விசையோடு பத்துப் பேர், மின்விசையின்றி இருபது பேர் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை என்றது. பின்வந்த மாற்றங்கள் அந்த எண்ணிக்கையை உயர்த்தினவே தவிரக் குறைக்கவில்லை. அண்ணாச்சியின் பட்டறையில் மூவர். செம்பூர்க் கீழ்த்தளத்தில் ஒருவர்.

அவர் கையிலிருந்த டின்னை நான் வாங்கிப் பார்த்தேன். எளிதில் தீப்பற்றும், காற்றோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்துக, ஆவியை நுகராதீர் என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் தமிழ் படிப்பார், மராத்தி ஓரளவு எழுத்துக்கூட்டுவார், இந்தி பேசுவார். டின்னின்மேல் இருந்த மொழி அவருடைய எந்த மொழியும் அன்று. "இதில் என்ன எழுதியிருக்கு தம்பி?" என்று அவர் கேட்டது பதினெட்டு ஆண்டு அந்த டின்னைத் திறந்த பிறகு. மாட்டுங்காவில் 1933 முதல் வேதியியல் தொழில்நுட்பம் கற்பிக்கும் பெருமைமிக்க கல்வி நிலையம் இருக்கிறது. வண்ணப்பூச்சும் பலபடிகளும் அங்கே பாடம். தாராவி அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவு. இடையில் ஒரு தாள் எச்சரிக்கை நான்கு மொழிகளில் கடந்துசெல்ல இத்தனை ஆண்டுகளில் வழி பிறக்கவில்லை. இதில் என் போன்ற மொழி மாணவர்களுக்கும் பங்குண்டு. அவருடைய சொற்களை நான் குறித்துக்கொண்டேன். டின்னின் சொற்களை அவருக்குச் சொல்ல வேண்டுமென்று அவர் கேட்கும்வரை எனக்குத் தோன்றவில்லை.

"அப்படியானால் அவர்கள் அவசர வேலையை மறுக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். அந்தப் பெரியவரிடமே இதைப் பேசினேன். அவரும் இதைத்தான் கேட்டார். மறுத்தால் அடுத்த தெருவில் இன்னொருவர் ஒட்டுவார் என்பது இருவருக்கும் தெரியும். ரப்பருக்கு, பசைக்கு, ஏன், வெளிநாட்டுக் குழாய்க்கும் ரசீது பார்த்துப் பணம் கொடுப்பவர்கள், பழைய பசையைச் சுரண்டும் அரைநாளுக்கும் பதம் பார்க்கும் பதினைந்து நிமிடங்களுக்கும் விலை உண்டு என்று ஏற்பதில்லை. கை அசைந்தால் வேலை, அசையாவிட்டால் சும்மா. வங்கியில் கோப்பின்மேல் கையெழுத்துக்காகக் காத்திருந்த முப்பதாண்டுக்கும் மாதச் சம்பளம் வாங்கியவர் இதைச் சொல்வதுதான் வேடிக்கை.

2021இல் ஒன்றிய அரசு பழைமை வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறை கொண்டுவந்தது: முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, உடலும் எஞ்சினும் பெரிதும் மாறாதிருந்தால், 'வி.ஏ.' எழுத்துகளோடு எண் பெறலாம். 1974ஆம் ஆண்டின் முதல் பத்மினிகள் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன. ஆகவே இனி இந்த வேலைகள் பெருகும். அசல் விளக்கு, அசல் முகப்புக் கம்பி, அசல் சக்கர மூடி என்று அசலைத் தேடி நகரம் முழுவதும் அலைவார்கள். அந்தக் காரை அரை நூற்றாண்டு ஓடவைத்த கைகளின் அசல் முறை மட்டும் அவர்களுக்கு வேண்டாததாக இருக்கிறது.

இந்த ஆண்டு அதே பெரியவர் மீண்டும் அண்ணாச்சியை அழைத்தார். மாடியில் காபி கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அண்ணாச்சி மூன்று நிபந்தனை வைத்தாராம்: மழைக்கு முன், இரண்டு நாள், வண்டியைக் கீழ்த்தளத்தில் வைக்காமல் வெளியே வேப்பமரத்தடியில் நான்கு கதவும் திறந்து நிறுத்த வேண்டும். கூலி நாள் கணக்கு. ரப்பரின் மீட்டர் கணக்கு அன்று. பெரியவர் முதல் இரண்டுக்கும் சரி என்றார். கூலியைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வானிலை மையம் மழை வருகிறது என்கிறது.